மீனுக்குப் போடும் இரைக்கு முதலில் நாம் ஏன் சாப்பாடு போட வேண்டும்?

கடல்மீன் தொட்டியில் கோமாளிமீன் குஞ்சுகள் வளர்க்கிறீர்களா? ஆர்ட்டீமியா போட்டிருப்பீர்கள். தூத்துக்குடி உப்பளங்களில்கூட வாழும் பொடி உயிரி அது. குஞ்சுகள் ஆசையாகத் தின்னும். அப்படியும் சில நாளில் சோர்ந்துபோவது ஏன்?

மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான டி.எச்.ஏ. என்ற கொழுப்பு ஆர்ட்டீமியாவில் மிகக் குறைவு. நன்னீர் மீன்கள் பலவும் அதை ஓரளவு தாமே தயாரித்துக்கொள்ளும். கடல்மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இரை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு வெறும் உறை. சத்தும் ருசியும் பூரணத்தில். ஆர்ட்டீமியா நீரில் மிதக்கும் நுண்துகள்களை வடித்து விழுங்கும். அந்தப் பழக்கத்தை வைத்தே அதன் வயிற்றில் பூரணம் வைத்துவிடலாம்.

முட்டையிலிருந்து பொரிந்த உடனே இது முடியாது. அப்போது அதற்கு வாய் திறந்திருக்காது, கருவுணவில்தான் உயிர்வாழும். சுமார் 8 முதல் 12 மணி நேரம் கழித்து, முதல் தோலை உரித்த பிறகே தின்னத் தொடங்கும்.

அப்போது, காற்றுக்குமிழ் ஓடும் உப்புநீரில், இதற்கென்றே விற்கும் மீனெண்ணெய்க் கலவையைச் சேர்த்து 12 மணி நேரமாவது விடுங்கள். பிறகு லென்ஸில் பாருங்கள்: கண்ணாடி போன்ற உடலின் நடுவே நிறைந்த குடல் கோடாகத் தெரியும். எவ்வளவு அழகு!

தொட்டி நீர் எண்ணெயில் கெடாதிருக்க, மெல்லிய வலையில் வடித்து அலசி, உடனே போடுங்கள். தாமதித்தால் அந்தக் கொழுப்பை ஆர்ட்டீமியாவே செரித்துத் தீர்த்துவிடும்.