தட்டில் 200 கிராம் சாதம்: 237 கலோரியா, 712 கலோரியா?

சென்னை கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். 'சாதத்தைக் குறைங்க' என்கிறார் டாக்டர். சரி, இப்போ எவ்வளவு சாப்பிடுறோம்னு தெரிஞ்சாதானே குறைக்க முடியும்?

எங்கே தப்பு நடக்குது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 356 கலோரி. இது வேகாத அரிசிக்கான கணக்கு. வெந்தால் தண்ணீரை இழுத்து எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். சாதத்தை எடை போட்டுவிட்டு, ஆப்பில் 'அரிசி' எனப் பதிந்தால் கலோரியும் மூன்று மடங்கு எகிறும்.

எப்படி எடை போடுவது?

* காலி குக்கர் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் அரிசி போட்டால் மொத்தம் 1,068 கலோரி.
* வெந்தபின் பாத்திர எடையைக் கழியுங்கள். சாதம் 900 கிராம் இருந்தால், தட்டில் வைக்கும் 200 கிராமில் 237 கலோரி.
* காலித் தட்டைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் பூஜ்ஜியம் காட்டும். பிறகு பரிமாறுங்கள்.
* எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. தாளிக்கும் முன்னும் பின்னும் பாட்டிலை எடை போடுங்கள். வித்தியாசம்தான் ஊற்றிய அளவு.

வடித்த சாதத்தில் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போய்விடும் என்பதால், அங்கே இது தோராயக் கணக்குதான். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைச் சட்டென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை அளவு ரொம்ப இறங்கிவிடலாம்.

காலம் முழுக்கத் தராசும் கையுமாக இருக்கணுமா? வேண்டாம். ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், உங்க வீட்டுக் கரண்டி எத்தனை கிராம் பிடிக்கும்னு பிடிபட்டுடும்.