தலைக்கு ஒரு கணக்கு, வாக்குக்கு ஒரு கணக்கு

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா. இந்த நான்கும் இன்றைய நுவரெலியா மாவட்டத்துக்குள் வருபவை. அதற்கும் முன்பே, 1936இல், அட்டன் தொகுதி கோ. நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியிருந்தது. ஆனால் 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. மலையில் ஆட்கள் குறைந்துவிடவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவர்கள் அதே ஆட்கள்தான். அவர்கள் பேர் காணாமற்போனது வாக்காளர் இடாப்பில். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அதைச் செய்து முடித்தன. எதிர்த்துத் தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றது.

இதுவரை மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சோல்பரி அரசியலமைப்பில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஒரு ஆசனம். அத்துடன் 1,000 சதுரமைல் நிலப்பரப்புக்கு ஒரு ஆசனம். 75,000 பேர் என்றால் குடியிருக்கும் ஆட்கள். பிரஜையா, வாக்காளரா என்ற கேள்வி அதில் இல்லை. ஆகவே லயத்துக் காம்பராவில் கிடந்த கைக்குழந்தையும் மத்திய மாகாணத்தின் ஆசனக் கணக்கில் ஒரு தலை. அதைப் பெற்றவளுக்கோ வாக்குச் சீட்டு இல்லை. தோட்டத்தார் தலைகளால் கூடிய ஆசனங்களுக்கு, சுற்றுக் கிராமங்களின் வாக்காளர்கள் உறுப்பினரைத் தெரிந்தார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1954இல் பிரஜைகளை மட்டும் எண்ணுவது என்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள். அதன்படி ஒரு தேர்தலும் நடக்குமுன், 1959இல், பழையபடி தலைக்கணக்குக்கே திரும்பினார்கள். வாக்கில்லாதவனை எண்ணுவதில் என்ன இலாபம் என்று தெரிந்துதான் 1959 திருத்தம் வந்தது. அமெரிக்காவில் அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று எண்ணி, அவர்களை வைத்திருந்த மாநிலங்களுக்கே ஆசனம் கூட்டிக் கொடுத்தார்கள். நம் ஊரில் ஐந்துக்கு ஐந்தும் எண்ணினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டிச் சிங்கள விவசாயிக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு இது பரிகாரம் என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் குறையை மறுக்க மாட்டேன். 1840இன் தரிசு நிலச் சட்டம் சேனைக் காடுகளை முடிக்குரிய நிலமாக்கித் தோட்டக்காரத் துரைமார் கைக்குப் போக வழிவிட்டது. ஆனால் காட்டை எடுத்தவர் துரை. அந்தக் கடனைக் கூலிக்கு மலையேறி வந்தவனின் வாக்கில் பிடித்தம் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

1952 முதல் கால் நூற்றாண்டுக்கு மலையகத் தமிழர் வாக்கால் பாராளுமன்றம் போகவில்லை. 1960இலும் 1965இலும் தொண்டமான் போனது நியமன உறுப்பினராக. 1977இல் கதவு திறந்ததற்குப் பிரஜாவுரிமை மட்டும் காரணமில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி பிரஜைகளானவர்கள் அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இடாப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை எதற்கும் காணாது. 1976இன் எல்லை நிர்ணயம் நுவரெலியாவையும் மஸ்கெலியாவையும் சேர்த்து மூன்று உறுப்பினர் தொகுதியாக்கியது. ஆளுக்கு மூன்று வாக்கு; விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சிறுபான்மை பிழைக்க வழிவிட்டது இந்த ஏற்பாடுதான். முதலாவதாக ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, இரண்டாவதாக சுதந்திரக் கட்சியின் அனுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தொண்டமான். மூன்றாம் இடத்துக்கு வந்தவரும் பாராளுமன்றம் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கோட்டை வேறு விதமாகக் கீறியதன் பலன் அது.

1989இலிருந்து மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் களம். கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்களில் மூன்று வரை. சுவரொட்டியில் வேட்பாளரின் முகத்தைவிட இலக்கம் பெரிதாக இருப்பது இதனால்தான். நுவரெலியாவில் ஆட்சிக்கு வர நினைக்கும் எந்தக் கட்சியும் பட்டியலில் தமிழ்ப் பேர்களைச் சேர்க்காமல் இருக்க முடியாது. இனவாரியாக வாக்கைக் கூறுபோடும் முறை இது என்பவர்கள் 2024 முடிவைப் பார்க்கலாம். 8 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 5; அதில் ஒருவர் கிருஷ்ணன் கலைச்செல்வி. பதுளையின் அம்பிகா சாமுவேலும் அவரும்தான் பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைமைகளுக்கு வெளியே, ஒரு தேசியக் கட்சியின் பட்டியலில், தமிழ் வாக்கும் சிங்கள வாக்கும் ஒரே சின்னத்தில் விழுந்து அது நடந்தது. சந்தா கட்டும் சங்கத்துக்கே வாக்கும் என்ற பழைய வழக்கத்துக்கு அது ஒரு அடிதான்.

ஆசனம் வந்தாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்கலாம். கோடு பாராளுமன்றத்தோடு நிற்பதில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்க முடியாது என்று பல்லாண்டு சொல்லிவந்தார்கள். தோட்டத்தார் வாக்களித்துத் தெரிந்த சபைக்கே லயத்துப் பாதைக்குக் கல் போட அதிகாரம் இல்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே சபைகள் இலட்சக்கணக்கான மக்களைச் சுமந்திருந்தன. அட்டன் பக்கத்திலும் கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பக்கத்திலும் அவை ஆறாகப் பிரிந்ததும் அந்த ஆண்டுத் தேர்தலோடுதான். பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பி 40 ஆண்டுகள் கழித்துத்தான் வாசற்படியில் சபை வந்தது.

இப்போது ஒற்றை உறுப்பினர் தொகுதிகளைக் கலந்த தேர்தல் முறை வேண்டும் என்று எல்லாக் கட்சிகளிலும் குரல் கேட்கிறது. விருப்பு வாக்குச் சண்டையும் செலவும் ஒழியும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை மூன்றின் வாக்காளரையும் கூட்டினாலும் நுவரெலியா-மஸ்கெலியாவுக்கு எட்டாது. இந்த ஒரு தொகுதியை எத்தனையாக வெட்டுவது, ஆற்றோரமாகவா ரோட்டோரமாகவா, ஒரே தோட்டத்தின் மேற்பிரிவு ஒரு பக்கமும் கீழ்ப்பிரிவு மறுபக்கமும் போகுமா என்பதில்தான் அடுத்த தலைமுறையின் உறுப்பினர் எண்ணிக்கை கிடக்கிறது. மாகாண சபைகளுக்கு இப்படிக் கீறிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். எல்லை முடிவாகாததால் தேர்தலும் நடக்கவில்லை; மத்திய மாகாண சபைக்கு மலையகம் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில்.