வாய் திறக்கக் குடித்தவர்

தோட்டப்புறங்களில் குடி விளைத்த கேட்டை அறியாதார் இலர். அதனைக் கண்டித்து நாம் பலகாலும் பேசியும் எழுதியும் வந்துள்ளோம். ஆனால், குடிப்பவர் எதற்காகக் குடிக்கிறார் என்று கேட்டறிந்தோமா? கேளாமல் விட்டதன் தவற்றை நான் அண்மையில்தான் உணர்ந்தேன்.

முன்பு என்னிடம் படித்தவர், இன்று முப்பது வயதைக் கடந்தவர், ஒருநாள் என்னைக் காண வந்தார். "கல்யாண வீட்டுல மேளச் சத்தமும் ஆளுங்க பேச்சும் ஊசி மாதிரி குத்துது சார். ரெண்டு கிளாஸ் சம்சு போட்டாத்தான் உட்கார முடியுது, வாயும் திறக்குது," என்றார். அவர் ஆட்டிச இயல்புடையவர் என மருத்துவர் கண்டு கூறியது சென்ற ஆண்டில்தான். அவருடைய தேர்ச்சி அறிக்கையில் நான் அன்று எழுதியதோ 'அமைதியான மாணவன்' என்பதே.

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு. ஓசை, ஒளி, கூட்டம் ஆகியவை சிலரை அளவுக்கு மீறித் தாக்கும். பிறர் சொல்லாமல் உணர்த்துவதைப் புரிந்துகொள்வது அரிதாகும். அமெரிக்காவில் லியோ கானர் 1943-இலும், ஆஸ்திரியாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இலும் இவ்வியல்பைக் குழந்தைகளிடம் கண்டு எழுதினர். எனினும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனிப் பிரிவாக இடம்பெற்றது 1980-இல்தான். ஆகவே, பலர் காரணம் அறியாமலே வளர்ந்து, பிறரைப்போல் நடிக்கப் பழகினர். அந்த நடிப்பின் களைப்பைத் தீர்க்கச் சிலர் மதுவை நாடினர்.

மது, மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மிகுவிக்கிறது. அதனால் அச்சம் தணிந்தாற்போல் தோன்றும். போதை தெளியும்போதோ மூளை எதிர்ப்புறம் சாய்கிறது. பதற்றம் முன்னிலும் மிகும், உறக்கம் கெடும். அதைத் தணிக்க மீண்டும் குடி. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றதே இது.

ஆட்டிசம் உடையோர் எல்லாரும் குடிப்பர் என்று கொள்ளலாகாது. அவர்கள் பிறரைவிடக் குறைவாகவே குடிக்கின்றனர் எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021-இல் தெரிவித்தனர். ஆயினும், மதுவும் போதைப்பொருளும் சார்ந்த சிக்கல்கள் அவர்களிடையே ஏறத்தாழ இருமடங்கு என்று 2017-இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு கூறுகிறது. குடிப்போர் சிலரே ஆயினும், மருந்தாக எண்ணிக் குடிப்போர்க்கு இடர் பெரிது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இனி, மாற்று வழி யாது? நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிரிடரும் நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும். அடுத்து, மது எந்த வேலையைச் செய்து வந்தது என்று கண்டறிய வேண்டும். ஓசையை அடக்கவா? காது அடைப்பானும் சற்று ஒதுங்கியிருக்க ஓர் இடமும் உதவும். வேலை முடிந்த களைப்பைத் தீர்க்கவா? மாலை நடையோ, தோட்ட வேலையோ, மனத்துக்குப் பிடித்த கைத்தொழிலோ நாள்தோறும் ஒரே நேரத்தில் அமையலாம். வட்டமாக அமர்ந்து மனம் திறக்கும் கூட்டம் சிலர்க்கு ஒவ்வாது. அவர்க்கு ஆட்டிசம் அறிந்த ஆலோசகரிடம் தனித்துப் பேசுதலே ஏற்றது.

என் மாணவர் இப்பொழுது திருமண வீடுகளில் பந்தி பரிமாறுகிறார். எங்கு நிற்பது, என்ன சொல்வது என்ற குழப்பம் அவர்க்கு அங்கில்லை. குறித்த நேரத்தில் விடைபெற்றுக்கொள்கிறார். இடையிடையே தவறியதும் உண்டு. அதனை மறைக்காமல் என்னிடம் சொல்கிறார்.

ஆசிரியத் தோழர்களே! காதைப் பொத்திக்கொண்டு வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையை 'அமைதியானவன்' என்றெழுதி விட்டுவிடாதீர்கள். அருகில் சென்று, "எது உன்னை வருத்துகிறது?" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.