நம்ம ஆறு பிறக்கிற காட்டைப் பார்த்துட்டு வருவோமா?



குழுக்களில் சுற்றுலாப் பேச்சு வந்தாலே திருச்செந்தூர், வேளாங்கண்ணி, பழனி என்று வழக்கமான பெயர்கள்தான் வரும். இந்த முறை ஒரு உறுப்பினர், "மலைக்காட்டுக்குள்ள ஒருநாள் நடந்து பாக்கணும்" என்று சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "எக்கா, விறகு பொறுக்கவா?" என்று கேட்க ஒரே சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு யோசித்தால், கேள்வி சரியாகத்தான் இருந்தது. காடு என்றால் நமக்கு விறகு, இல்லாவிட்டால் நேர்த்திக்கடன். வேலையும் இல்லை, வேண்டுதலும் இல்லை, சும்மா நடந்து பார்த்துட்டு வரலாம் என்று நம்மில் எத்தனை பேர் கிளம்பியிருக்கிறோம்? ஆண்கள் குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போவார்கள். நாம் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவோம். ஆகவே இந்த இதழில் மலைக்காட்டுப் பயணம் பற்றி விவரமாக எழுதுகிறோம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். மையப் பகுதியின் பரப்பு மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். புலி, சிறுத்தை, யானை, கரடி, வரையாடு, சிங்கவால் குரங்கு, கருமந்தி எல்லாம் உண்டு. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். ரயிலில் போனால் தென்காசி பாதையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கிக்கொள்ளலாம். அதிகாலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம்.

கடற்கரைக்காரிகளுக்கு மலையில் என்ன இருக்கு என்று கேட்கலாம். நாம் குடிக்கிற தண்ணீர் இருக்கிறது, சகோதரிகளே! பொதிகை மலையில் பிறக்கிற தாமிரபரணி சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, நம்ம புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேருகிற ஆறு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வாய்க்கால்களில் பாய்வதும், தூத்துக்குடி நகரத்துக்குக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். கொற்கை என்று ஒரு ஊர் இருக்கிறதே, பாண்டியர் காலத்தில் முத்து ஏற்றுமதி செய்த துறைமுகம் அது. இன்றைக்கு அங்கே நின்றால் கடல் தெரியாது, வயலும் வாழையும்தான் தெரியும். மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்த மண் காலம் காலமாகப் படிந்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம் பக்கத்து வயல்மண்ணில் அந்த மலையின் பங்கும் இருக்கிறது என்று அர்த்தம்.

மழை பெய்தால் தண்ணீர் ஓடத்தானே செய்யும், காடு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. தார்ரோட்டில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் அப்போதே ஓடிவிடும். சாக்கு விரித்து அதில் ஊற்றினால் ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மலை உச்சியில் இருக்கிற புல்வெளியும் சோலையும் அந்தச் சாக்கு மாதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை, இரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு வெயில் காலத்திலும் விடுகிறது. அதற்காகக் காடு இருந்தால் வெள்ளமே வராது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பயணிகள் ரெண்டு ராத்திரி தவித்தார்கள். அவ்வளவு மழையை எந்தக் காடும் தாங்காது. ஆனால் அந்த ஆற்றின் தலைமாட்டையும் காலடியையும் ஒருசேர அறிந்துவைப்பது நமக்கு நல்லது.

கூடாரம் போட்டுத் தங்குவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று நினைக்காதீர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போன குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் நிறைய உண்டு. காட்டுக்குள் ஆற்றங்கரையில் படுதா கட்டி, கல்லடுப்பு வைத்து, பிள்ளைகுட்டிகளோடு பத்து நாள் வரைகூட தங்கியிருந்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் காலமாகும் வரை, அந்த விழாவில் ராஜ உடையில் காட்சி கொடுப்பார். பாட்டிமார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் கூட்டம் பெருகப் பெருகக் காடு பட்ட பாடும் அதிகம். ஆயிரக்கணக்கான குடும்பம் ஒரே இடத்தில் தங்கினால் விறகுக்கு எங்கே போவது? கழிப்பறைக்கு எங்கே போவது? எல்லாம் ஆற்றோரந்தான். ஆகவே வனத்துறை தங்கும் நாட்களைக் குறைத்து, பிளாஸ்டிக்கைத் தடுத்து, தனியார் வண்டிகளையும் கட்டுப்படுத்தியிருக்கிறது. கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கருத்து, இது தேவையான கட்டுப்பாடு. இன்னொன்றும் மனசு விட்டுச் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தால் பாவமும் போய்விடும் என்று ஒரு வழக்கம். பாவம் போகிறதோ இல்லையோ, அந்தச் சேலை போகிறதில்லை. நைலான் துணி மக்காது. பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும், மீனையும் ஆமையையும் சிக்கவைக்கும், நம் குடிநீரையும் கெடுக்கும். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். அங்கே போகும்போது ஒரு துணிப்பை கூடுதலாக எடுத்துப் போங்கள், ஈரத்துணியை அதில் போட்டு வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம்.

இனி விதிமுறைகள். கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. ஏன் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்காமல் போனதே, பாரில் சிப்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? காட்டுக்கும் அதே மாதிரி தடைக்காலம் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை புல் காய்ந்து கிடக்கும், அது தீக்காலம். அப்போது மலையேற்றத்துக்கு விடமாட்டார்கள்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெண்கள் பலர். அனுமதி வாங்கிய பாதை வேறு, போன பாதை வேறு என்று விசாரணையில் பேசப்பட்டது. தீ பள்ளத்தில் போவதைவிட மேட்டில் வேகமாக ஏறும். ஆகவே கீழே தீ தெரிந்தால் மேல்நோக்கி ஓடக் கூடாது. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கருகின இடம், இதில் எது பக்கமோ அங்கே போக வேண்டும். நைலான் சேலை உருகி உடம்பில் ஒட்டும். பருத்திதான் போட வேண்டும். சேலையை விடச் சுடிதார் வசதி. வயசான அக்காமார்களும் வெட்கப்படாமல் ஒருநாள் போட்டுக்கொள்ளலாம்!

அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளைத் திறந்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். காரையாற்றிலிருந்து போகிற பாதையும் அதில் ஒன்று. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். இவர்களில் மலைவாழ் மக்களும் காட்டோரக் கிராமத்தாரும் உண்டு, அவர்களுக்கும் இது ஒரு வருமானம். இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் செல்போனில் செய்து தருவார்கள். கட்டணம் பாதைக்குப் பாதை மாறும், அப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவர்கள் சுலபமான பாதையை எடுப்பது நல்லது. மூட்டுவலி, மூச்சிரைப்பு, பிரஷர் உள்ளவர்கள் நர்சம்மாவிடம் கேட்டுவிட்டுப் பேர் கொடுங்கள். நடக்க முடியாதவர்கள் அகஸ்தியர் அருவி வரை வந்தாலே மனசு நிறைந்துவிடும்.

பொதிகை உச்சி, அதாவது அகஸ்தியர்கூடம், 1,868 மீட்டர் உயரம். அதற்குக் கேரளா பக்கம், போனக்காடு வழியாகத்தான் ஏறுகிறார்கள். அங்கே பெண்களை விடாமல் வெகுகாலம் வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டு, 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் போகலாம் என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏறின முதல் பெண் ஆனார். எல்லாரும் அந்த உச்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை, அது மூன்று நாள் கஷ்டமான நடை. ஆனால் "பொம்பளைக்கு மலை எதுக்கு" என்று வீட்டில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கட்டும்.

பணத்துக்கு என்ன செய்வது? சுழல்நிதியிலோ உள்கடன் பணத்திலோ கை வைக்கக் கூடாது. 15 பேர் உள்ள குழு ஆளுக்கு வாரம் 10 ரூபாய் தனியாகப் போட்டால் வாரம் 150, ஒரு வருஷத்தில் 7,800 ரூபாய். தீர்மான நோட்டில் எழுதி, தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மூணு குழு சேர்ந்தால் வண்டி வாடகை ஆளுக்குக் கொஞ்சமாகிவிடும்.

எந்த மாசம் என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. மீனவக் குடும்பங்களுக்கு மே கடைசி, ஜூன் முதல் வாரம் தோதுப்படும். உப்பளத்துச் சகோதரிகளுக்கு மழைக்காலத்தில்தான் ஓய்வு, ஆனால் நவம்பரில் அருவியில் வெள்ளம் என்று குளிக்க விடமாட்டார்கள். பொங்கல் கழித்து, பாத்தி வேலை சூடு பிடிக்கும் முன்னே போய்விடுங்கள். ஆற்றில் குளிக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். சோப்பு, துணி எதையும் தேடாமல் உடனே கரையேற வேண்டும்.

அட்டை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு, ஒரு சின்னத் துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொண்டு தொட்டால் அது விழுந்துவிடும். உப்புக்கு நம்மிடமா பஞ்சம்! குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பழகிவிட்டால் பிடுங்கித் தின்னும், கடிக்கவும் செய்யும். மாதவிலக்கு நாளானாலும் நடக்கலாம், தடையில்லை. உபயோகித்த நாப்கினைத் தாளில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். மாலையில் வன வாயிலை மூடுவார்கள், அதற்குள் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும்.

போகிற வழியில் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் உண்டு. 1990-களின் பிற்பாதியில், இந்தக் காப்பகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வனத்துறை கிராம வனக்குழுக்களை அமைத்து, பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்தது. விறகு வெட்டி விற்றுப் பிழைத்தவர்கள் அந்தப் பணத்தில் மாடும் கடையுமாக வேறு தொழிலுக்கு மாறினார்கள். நம்மைப் போலவே வட்டி, தவணை, தீர்மானம் என்று நடத்துகிறவர்கள். அங்குள்ள ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அருவியைவிட நினைவில் நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

தூரம் போக முடியாத குழுக்கள் வல்லநாட்டைப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே, திருநெல்வேலி ரோட்டில், 1987-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம். குன்றும் முள்காடும்தான், அருவி கிடையாது. காலையில் சீக்கிரம் போனால் மான் கண்ணில் படும்.

கூட்டமாகப் போக விரும்பும் குழுக்கள், குழுவின் லெட்டர்பேடில் உறுப்பினர் பெயர், வயது, போகும் தேதி எழுதி, ஆதார் நகல் இணைத்து, அம்பாசமுத்திரத்தில் உள்ள காப்பகத்தின் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். பதில் வருகிற வரைக்கும் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.