கீழ்வகுப்பிற் கணக்குக் கற்பித்தல்

விழா மலர்கள் கல்லூரியின் வெற்றிகளைப் பேசுவன. பல்கலைக்கழகம் புகுந்தோர் தொகை, வென்ற கேடயங்கள், எழும்பிய மண்டபங்கள் ஆகியன அவற்றின் பக்கங்களை நிரப்பும். ஆரம்பப் பிரிவின் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் கழித்தற் கணக்கிற் பிழைவிட்டான் என்பதை எம் மலரும் எழுதுவதில்லை. நாம் அதனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். பிற்காலத்தில் வீசகணிதத்தில் இடறி, ‘கணக்கு வராதவன்’ என்று பெயரெடுத்து, விரும்பிய துறையைக் கைவிடும் மாணாக்கருட் பலர் வழிதவறியது இத்தகைய சிறு கணக்கொன்றிலேயே என்பது எமது துணிபு.

403 இலிருந்து 167 ஐக் கழிக்குமாறு வகுப்பிற் கூறுகின்றோம். விடை 236. ஒரு பிள்ளை 364 என எழுதுகின்றது; மற்றொன்று 336 என எழுதுகின்றது. இரண்டு கொப்பிகளிலும் சிவப்பு மையாற் பிழையெனக் குறிக்கப்படுகின்றது. ‘கவனம் போதாது’ என்பதே தீர்ப்பு. உண்மையில் இருவரும் மிகக் கவனமாகவே செய்துள்ளனர். முதற் பிள்ளை ஒவ்வோரிடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்தது. 3 இல் 7 போகாதாகையால் 7 இல் 3 ஐக் கழித்து 4 என்றது. இரண்டாவது பிள்ளை கடன் வாங்க அறியும். சுழியத்தை ஒன்பதாக்கவும் அறியும். ஆனால் அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பதை அறியாமையால், நூறாமிடத்து 4 ஐ 3 ஆகக் குறைக்கவில்லை. 1978 இல் யோன் சீலி பிரவுண், றிச்சாட் பேட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சிறுவரின் இத்தகைய பிழைகளை ஆராய்ந்து, அவற்றுட் பல தற்செயலானவை அல்ல, பிழையான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் விளைவன எனக் காட்டினர். விதியை மாற்றாது நூறு கணக்குக் கொடுத்தால், நூறு முறை அதே பிழை பயிலப்படும்.

அந்தப் பிழை விதியைப் பிள்ளைக்கு யார் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை. நாம் சொல்லாது விட்ட இடத்தைப் பிள்ளை தானே நிரப்பிக்கொண்டது. கணக்கில் வல்ல ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கோடு கீறி விடையை எழுதிவிடுவார். அவர் மனத்துள் நிகழ்ந்தவை வெண்கட்டிக்கு வருவதில்லை. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லும் உதவுவதாயில்லை. திருப்பிக் கொடுக்கப்படாத கடன் இது ஒன்றே போலும்! உண்மையில் நிகழ்வது மாற்றுதல்: நூறு ரூபாத் தாளொன்றைப் பத்துப் பத்து ரூபாவாக மாற்றுவது போன்றது.

ஆகவே வெளிப்படையாகக் கற்பித்தல் என்பது, ஆசிரியர் தம் சிந்தனையைப் பிள்ளை கேட்க உரத்துச் சொல்லி, படிப்படியாகச் செய்துகாட்டி, பின் பிள்ளையோடு சேர்ந்து செய்து, அதன்பின் தனியே செய்யவிடுதல். இதற்கு ஈர்க்குக் கட்டுப் போதும். பத்து ஈர்க்கு ஒரு சிறு கட்டு. பத்துச் சிறு கட்டு ஒரு பெருங் கட்டு. 403 என்பது நான்கு பெருங் கட்டும் மூன்று தனி ஈர்க்கும். ‘ஏழு எடுக்கவேண்டும், மூன்றே உள. சிறு கட்டொன்றை அவிழ்ப்போமெனில் சிறு கட்டே இல்லை. ஆதலால் பெருங் கட்டொன்றை அவிழ்க்கின்றேன். இப்போது பெருங் கட்டு மூன்று, சிறு கட்டுப் பத்து. அவற்றுள் ஒன்றை அவிழ்க்கின்றேன். சிறு கட்டு ஒன்பது, தனி ஈர்க்குப் பதின்மூன்று’ என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் அவிழ்க்கவேண்டும். அவிழ்த்த ஒவ்வொன்றையும் உடனே கரும்பலகையிலும் எழுதவேண்டும். ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது கண்முன்னே தெரியும்.

அடுத்து, முழுதும் செய்த கணக்கொன்று. இறுதிப் படி மட்டும் விடப்பட்ட கணக்கொன்று. இரு படிகள் விடப்பட்டதொன்று. இவ்வாறு ஆசிரியர் கை மெல்ல விலகும். இடையிடையே எல்லோரும் சிலேட்டில் விடையெழுதி ஒருங்கே உயர்த்திக் காட்டவேண்டும். ‘விளங்கிற்றா?’ என்று வினவினால், ‘ஓம் சேர்’ என்பதே எக்காலத்தும் விடை. உயர்த்திய சிலேட்டுகள் அவ்வாறு முகமன் கூறா.

இம்முறைக்கு ஆராய்ச்சியும் துணைநிற்கின்றது. மனிதன் ஒரே வேளையில் மனத்தில் ஏந்தக்கூடியவை ஏறத்தாழ ஏழே என 1956 இல் யோர்ச் மில்லர் எழுதினார். பின்வந்தோர் அதனினுங் குறைவு என்பர். அவுஸ்திரேலியாவில் யோன் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985 இல் வெளியிட்ட வீசகணித ஆய்வில், செய்துகாட்டிய உதாரணங்களைப் படித்தோர், தாமே முட்டிமோதிய மாணவரினும் ஒத்த வகைக் கணக்குகளை விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தனர். அமெரிக்காவில் வறிய சிறுவர்க்கென நடத்தப்பட்ட பெருந்திட்டமொன்றின் 1977 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நேரடியாகக் கற்பிக்கும் முறை அடிப்படைக் கணக்கில் முன்னின்றது. அம் மதிப்பீட்டைக் குறைகூறிய அறிஞரும் உளர் என்பதை மறைத்தல் முறையன்று.

இது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து நெட்டுருவன்றோ எனச் சிலர் ஐயுறுவர். எண்சுவடியை மணலில் எழுதி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி முதலாகக் கூவிக் கற்றோர் மனக்கணக்கில் வல்லராயிருந்தனர். அவ் வன்மையை இகழோம். பெருக்கல் வாய்பாடு மனப்பாடமாகவே வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறென நினைவு உடனே தராவிடின், நெடும் பெருக்கலின் நடுவே பிள்ளை திகைத்துநிற்கும். ஆயின் வாய்பாடு ஏன் அவ்வாறு வந்தது என்பதை அன்றைய சட்டாம்பிள்ளை சொல்லவில்லை; அதையும் சொல்வதே நாம் வேண்டுவது. பிள்ளை தானே கண்டறிதலுக்கும் இடமுண்டு. அதற்குரிய காலம், கருவி கைவந்த பின்னரே. கைவந்தவனுக்கு மேலும் மேலும் செய்துகாட்டுதல் அவனை மந்தப்படுத்தும் என்பதும் ஆய்வாற் கண்டதே.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கெனப் பெற்றோர் மாலைதோறும் பிள்ளைகளைத் தனியார் வகுப்புகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். மாதிரி வினாத்தாள்கள் குவிகின்றன. மூன்றாம் வகுப்பிற் சுழியத்தின் மேல் இடறியவனுக்கு அத் தாள்களால் ஆவதென்ன? பொருள் படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையோ தமையனோ அருகிருந்து விளக்குவர். ஒருவருமில்லாத பிள்ளைக்கு வகுப்பறையில் ஆசிரியர் சொல்வதே எல்லாம். அவர் சொல்லாது விட்டதை வேறெவரும் சொல்லார்.

பழைய மாணவர் சங்கத்தார் விழா நினைவாக மண்டபமொன்றை எழுப்பக் கருதுதல் இயல்பே. நாம் குறுக்கே நில்லோம். உடன் ஒரு சிறு விண்ணப்பம். ஆரம்பப் பிரிவு ஆசிரியர் வாரத்தில் ஒருமுறை ஒருங்கிருந்து, தம் வகுப்புக் கொப்பிகளிலுள்ள பிழைகளைப் பரப்பிவைத்து, இப் பிள்ளை எவ்விதியைப் பின்பற்றியது என ஆராய்வதற்கு ஒரு பாடவேளையை அதிபர் ஒதுக்கவேண்டும். அவ்வேளையில் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, இளைப்பாறிய பழைய மாணவர் சிலர் முறைவைத்து வந்தாற் போதும். ஈர்க்குக்கும் நூலுக்கும் ஆகுஞ் செலவை நாமே பொறுப்போம்.