கணினியின் விரைவும் அதன் உரைகல்லும்

கணிதத்தில் முதல்வனாய் நிற்கும் மாணவனையும் தமிழில் முதல்வனாய் நிற்கும் மாணவனையும் காட்டி, இவ்விருவருள் வல்லவன் யாவன் என வினவினால், எப்பாடத்தில் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்பார். கணினி வாங்கப் புகுவோரோ இவ்வினாவை மறந்துவிடுகின்றனர். விளம்பரத்திற் கண்ட ஓர் எண்ணை நம்பிப் பெரும்பொருளைச் செலவிடுகின்றனர்.

அவ்வெண் பெரும்பாலும் முறைவழியாக்கியின் துடிப்பெண்ணாகும். 3 கிகாஹேட்ஸ் என்றால், கணினியின் மூளை போன்ற அவ்வுறுப்பு விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கின்றது என்பது பொருள். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகின்றது என்பதை அது கூறாது. சிற்றடி வைத்து விரைபவனைப் பேரடி வைத்து நடப்பவன் முந்துதல் கூடுமன்றோ?

வேலைகளும் ஒரு தன்மையன அல்ல. வானிலையைக் கணித்தற்குத் தசம எண்களை இடையறாது பெருக்கவும் கூட்டவும் வேண்டும். பெயர்களை அகரவரிசைப்படுத்தற்கு ஒப்பிடுதலே பெரிதும் வேண்டும். பெருந்தொகையான தரவுகளிற் சிலவற்றைத் தேடுங்காலோ, நினைவகத்திலிருந்து அவை வந்து சேருமளவும் முறைவழியாக்கி வாளாவிருக்க நேரும். அடுப்பெரிந்தும் அரிசி வராத சமையற்காரனின் நிலை அது.

ஆதலின் அறிஞர் பல உரைகற்களை அமைத்தனர். தசமக் கணிதத்தை அளக்க 1972இல் இங்கிலாந்தில் ‘வெற்ஸ்ரோன்’ என்னும் சோதனைச் செய்நிரல் எழுந்தது. முழுவெண் வேலைகளை அளக்க 1984இல் ‘ட்றைஸ்ரோன்’ தோன்றியது. 1988இல் நிறுவப்பெற்ற ‘ஸ்பெக்’ என்னும் அமைப்பு, உண்மையான செய்நிரல்கள் பலவற்றைத் தொகுத்து அளக்கலாயிற்று. அதன் முதற்றொகுதியில் ‘மற்றிக்ஸ்300’ என்றொரு சோதனை இருந்தது. அதன் நேரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வரியிற் கழிவதைக் கண்ட தொகுப்பி ஆக்குநர், அவ்வரியைத் திருத்தமுற மாற்றியமைக்கும் வழி கண்டனர். பெறுபேறு பன்மடங்கு உயர்ந்தது. பிற வேலைகளோ அவ்வாறு விரைவுறவில்லை. 1992ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சோதனை நீக்கப்பட்டது. வினாத்தாளை முன்னறிந்து பெற்ற புள்ளி கல்வியாகாது.

சோதனைகள் நேரியனவாயினும் அவற்றை ஒன்றாக்குமிடத்து விழிப்பு வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ‘அ’ என்னும் கணினி கணக்கீட்டை 10 நிமிடத்திலும் அகரவரிசைப்படுத்தலை 40 நிமிடத்திலும் முடிக்கின்றது. ‘ஆ’ ஒவ்வொன்றையும் 20 நிமிடத்தில் முடிக்கின்றது. நாளுக்கு ஒவ்வொரு முறை செய்வோர்க்கு ‘அ’ 50 நிமிடமும் ‘ஆ’ 40 நிமிடமும் கொள்ளும், ‘ஆ’வே சிறந்தது. கணக்கீட்டை ஐந்து முறையும் மற்றதை ஒரு முறையும் செய்வோர்க்கோ ‘அ’ 90 நிமிடமும் ‘ஆ’ 120 நிமிடமும் கொள்ளும். அவர்க்கு ‘அ’வே சிறந்தது. கணினிகள் மாறவில்லை, வேலையின் அளவே மாறியது.

மாபெருங் கணினிகளுக்கும் இஃது ஒக்கும். யப்பான் நாட்டின் ‘புகாக்கு’ 2020இல் ‘லின்பாக்’ சோதனையில் 442 பெற்றாபுளொப் விரைவு காட்டி உலகில் முதலிடம் பெற்றது. நினைவகத்தை மிகுதியும் நாடும் ‘எச்.பி.சி.ஜி.’ என்னும் சோதனையிலும் முதலிடம் அதற்கே. ஆயினும் அங்கு அது காட்டியது 16 மட்டுமே. ஒரே பொறி, வேறொரு பணியில், நூற்றுக்கு நான்கு பங்கும் எட்டவில்லை.

ஆகவே, கல்லூரிக்கோ இல்லத்துக்கோ கணினி தேடுவோர் முதலில் தம் வேலைகளைப் பட்டியலிடுக. எது எத்தனை முறை நிகழுமெனக் குறிக்க. அவ்வேலையையே அக்கணினியில் இயக்கி நேரத்தை அளக்க. மாணவர்காள், விரைவு என்பது பொறியில் மட்டும் உறைவதன்று. பொறியும் பணியும் கூடுமிடத்திற் பிறப்பது.