ரப்பர் பூட்ஸுக்குள் ஈரம்



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்ம இருக்கன்குடிக் கரிசலில் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அர்ச்சுனா நதியிலும் வைப்பாற்றிலும் தண்ணீர் வரும் அந்த நாட்களில், காட்டில் ஒரு எட்டு வைத்தால் காலோடு ஒரு கட்டி மண்ணும் சேர்ந்து வரும். முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்து இப்போது சிலர் ரப்பர் பூட்ஸ் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால், "பூட்ஸ் போட்டும் சேற்றுப்புண் வருதே, ஏன் சார்?" என்று கேட்கிறார்கள்.

வெளித் தண்ணீரை உள்ளே விடாத ரப்பர், உள்ளே சுரக்கும் வியர்வையையும் வெளியே விடாது. காலையில் மாட்டிய பூட்ஸுக்குள் மதியம் கையை விட்டுப் பாருங்கள், நசநசவென்று இருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் வெளுத்துப் போகும். பூஞ்சாணத்துக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் வேறு கிடையாது.

ஈரம் உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். மார்கழி விடியலில் தண்ணீர் பாய்ச்சும்போது கால் விறைப்பதற்குப் பனி மட்டும் காரணமல்ல, ஈர சாக்ஸும்தான். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பதுங்குகுழித் தண்ணீரில் நாள் கணக்காய் நின்ற சிப்பாய்களுக்குப் பாதம் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியும் போனது. பிரான்சில் போரிட்ட நம் இந்தியச் சிப்பாய்களும் இதில் அவதிப்பட்டார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உறைய வேண்டியதில்லை. குளிர்ந்த ஈரம் காலை விட்டு விலகாமல் இருந்தாலே போதும். காலைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றுவதுதான் பட்டாளத்தில் கண்ட முக்கியமான வழி.

நமக்கும் அதே வழிதான். கஞ்சித் தூக்குச்சட்டியோடு ஒரு ஜோடி பருத்தி சாக்ஸும் கொண்டு போங்கள். மதியம் பூட்ஸைக் கழற்றி, கால்மணி நேரம் காற்றாட விட்டு, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றியெடுத்து, சாக்ஸை மாற்றுங்கள். குளிருக்கென்று இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கமாகப் போட வேண்டாம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும்.

சாயங்காலம் பூட்ஸின் உள்பக்கத்தையும் துடைத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிவிடும். தாள் நனைந்தால் மாற்றுங்கள். அடுப்போரம் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். காலையில் தலைகீழாகத் தட்டாமல் காலை விடவே கூடாது. தேளுக்கு அது நல்ல வீடு.

சேற்றுப்புண் வந்துவிட்டால் மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தோல் வெந்துபோகும். கழுவி, நன்றாக உலர்த்தி, க்ளோட்ரிமசோல் களிம்பு போடலாம். அரிப்பு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் திரும்ப வருகிறது. டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதும் தெரியாது, தீயில் குளிர் காயும்போது சுட்டதும் தெரியாது.

இன்னொன்று. எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். மழைத்தண்ணீரில் வேலை செய்த பிறகு காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், வயல் தண்ணீரில் நின்றதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.